அன்று பட்ட வெயில், பத்து நாள் கழித்து: லூபஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தி மகளுக்கு லூபஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் இருந்தாள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்காலையில் வைகைக்குப் போனவள், கூட்டத்தைத் தாண்டி வெளியே வர முடியாமல் பதினொரு மணி வரை ஆற்று மணலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். மோர் குடித்தாள், படுத்து எழுந்தாள், சரியாகிவிட்டது.

ஒன்பது நாள் கழித்து இரண்டு கன்னத்திலும் தடிப்பு. மறுநாள் விரல் மூட்டுகள் வீங்கிப்போய், காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சாயங்காலம் காய்ச்சல். முந்தின நாள்தான் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. சித்திக்குச் சந்தேகமே வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, கருவாடு உனக்கு ஆகாதுடீன்னு." கருவாடு மாட்டிக்கொண்டது. வெயில் தப்பித்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. அவளோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை, இந்த நோயின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியது.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்த மாதிரி இருக்கிறது என்று ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் வைத்த பெயர். ரொம்ப நாள் இதைத் தோல் நோய் என்றே நினைத்திருந்தார்கள். உடம்பின் உள்ளுறுப்புகளையும் தாக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் புரிய ஆரம்பித்தது. நம்மைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் நம் உடம்பையே எதிரி என்று எடுத்துக்கொள்வதுதான் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் கை வைக்கும். பெரியவர்களில் பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பூப்பெய்திய பிறகு, பிள்ளை பெறும் வயதுக்குள் தொடங்குகிறது. சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு ஏதோ ஒரு காரணத்தில் கிளம்பும். அந்தக் காரணங்களில் நன்றாக நிரூபணமான ஒன்று வெயில். லூபஸ்தானா என்று முடிவு செய்ய அமெரிக்க மருத்துவர்கள் 1982-ல் வகுத்த 11 அடையாளங்களில் வெயில் ஒவ்வாமையும் ஒன்றாக இருந்தது. எல்லா லூபஸ்காரர்களுக்கும் இது இருப்பதில்லை. ஆனால் கணிசமானவர்களுக்கு இருக்கிறது.

சூடு வேறு, ஒளி வேறு

நம் ஊரில் வெயில் என்றாலே சூடுதான் ஞாபகம் வரும். முகத்தில் ஏதாவது வந்தால் "உடம்பு சூடு" என்று சொல்லி இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று ஆரம்பித்துவிடுவோம். லூபஸைப் பொறுத்தவரை இந்தச் சிந்தனை ஆளைத் தவறான திசையில் கொண்டுபோய் விடுகிறது. இங்கே கெடுதல் செய்வது சூடு இல்லை, ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, தோலில் பட்டால் சுடவும் சுடாது. ஏசி அறையில் ஜன்னல் ஓரமாக, சில்லென்று உட்கார்ந்திருக்கும்போதும் அது மேலே விழுந்துகொண்டிருக்கலாம்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை. ஏ வகை சுமார் 95 சதவீதம், பி வகை மீதி. பி வகை கொஞ்சம்தான் என்றாலும் வீரியம் அதிகம்; தோல் சிவந்து எரிவது பெரும்பாலும் இதனால். இதைச் சாதாரணக் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடும். ஏ வகை அப்படி இல்லை. தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். லூபஸைக் கிளப்பிவிட இரண்டாலும் முடியும். பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு வெயில் பக்கம் உட்கார்ந்து திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தவர் "நான் வெயிலிலேயே போகலியே" என்று சொல்வது இதனால்தான் சரியில்லை.

ஊட்டி விஷயமும் இப்படித்தான். "இங்கே வெயில் தாங்கல, ஒரு வாரம் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அக்கறையோடு சொல்வார்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கும் மேலே. குளிர் அங்கே இதமாகத்தான் இருக்கும். ஆனால் வானம் தெளிந்திருக்கும் நாளில் அந்தக் கதிர் மதுரையைவிட அங்கே காட்டமாக இருக்கலாம். ஸ்வெட்டர் கையை மறைக்கும். கன்னத்தை எது மறைக்கும்?

தோலுக்குள் நடப்பது

வெயில் படும்போது எல்லோருக்குமே தோலின் மேல் பகுதியில் இருக்கும் செல்கள் கொஞ்சம் சாகின்றன. இது தினமும் நடப்பது. செத்த செல்களை அள்ளிக்கொண்டு போக உடம்பில் துப்புரவு செல்கள் இருக்கின்றன. குப்பை வண்டி நேரத்துக்கு வரும் தெரு மாதிரி, யாருக்கும் எதுவும் தெரியாமல் வேலை முடிந்துவிடும்.

லூபஸ் உள்ளவர்களுக்கு இந்த வண்டி தாமதமாக வருகிறது. குப்பை தேங்குகிறது. செத்த செல் அப்படியே கிடந்து உடையும்போது, வழக்கமாக உள்ளே பத்திரமாக மூடி வைத்திருக்கும் பொருட்கள் வெளியே சிந்துகின்றன: மரபணுத் துண்டுகள், ரோ என்ற பெயருள்ள ஒரு புரதம், இன்னும் சில. லூபஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தப் பொருட்களில் ஏதாவது ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிரியைப் பிடிக்க எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் புரதங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். ஏஎன்ஏ, ஆன்டி ரோ என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் வருவது இவைதான். வெளியே வந்து விழுந்த பொருளை இவை போய்ப் பிடித்துக்கொள்கின்றன. புற ஊதாக் கதிர் பட்ட தோல் செல்லில் ரோ புரதம் செல்லின் மேற்பரப்புக்கே நகர்ந்து வந்து நிற்பதையும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ரோவுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பவர்களில் வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அடுத்ததாக நடப்பதுதான் முக்கியம். சிந்திக் கிடக்கும் மரபணுத் துண்டைப் பார்த்து, உள்ளே வைரஸ் புகுந்துவிட்டது என்று எதிர்ப்பு மண்டலம் ஏமாந்துபோகிறது. இன்டர்ஃபெரான் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. வைரஸ் வந்தால் ஊதவேண்டிய சங்கு அது. ஃப்ளூ காய்ச்சலில் நமக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதே, அந்த வலியிலும் அசதியிலும் இன்டர்ஃபெரானுக்குப் பங்கு உண்டு. முன்பு ஹெபடைடிஸ் நோய்க்கு இதையே ஊசியாகப் போட்டபோது, நோயாளிகளுக்கு ஃப்ளூ வந்த மாதிரியே காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. வெயிலில் போய்வந்த லூபஸ்காரர் "ஜுரம் வர்ற மாதிரி இருக்கு, எழுந்திரிக்கவே முடியல" என்றால், அது சோம்பேறித்தனமும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. வராத வைரஸோடு அந்த உடம்பு உண்மையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. என் சித்தி மகளின் மாமியார் வீட்டில் இந்த ஒன்றைப் புரியவைக்க எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

தோலில் கிளம்பியது தோலோடு நிற்பதும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் தோலில் மட்டும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். அங்கே ஓடி வந்த வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி பிறகு சிறுநீரகத்துக்குப் போய் அங்கேயும் அழற்சியைத் தூண்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்டிவிடக் கூடாதுதான். ஆனால் "வெயிலால் தோல்தானே கெடும்" என்று விட்டுவிட முடியாது என்பதற்கு அது போதும்.

வெயில் தப்பிப்பது எப்படி

இப்போது கருவாட்டுக்குத் திரும்பலாம். சாதாரண வெயில் எரிச்சல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் அலர்ஜி என்று பொதுவாகச் சொல்லும் தடிப்பு, அரிப்பு வகை அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ வரும். லூபஸ் தடிப்பு அப்படிப்பட்டது இல்லை. நோயாளிகளின் தோலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் கதிரைக் காட்டிக் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். பலருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தடிப்பு வந்தது, சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆனது. வந்த பிறகு சீக்கிரம் போவதும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். பத்து நாளுக்கு முன்னால் எத்தனை நிமிஷம் வெயிலில் இருந்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நேற்றுச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கும். அதனால் பழி கருவாட்டின் மேலும் கத்தரிக்காயின் மேலும் விழுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கடைசியில் ரசம் சாதத்துக்கு வந்து நிற்கிற நோயாளிகள் உண்டு. வெயிலைத்தான் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இதற்கு எங்கள் வீட்டில் பலித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் இரண்டே வரி: இன்று வெளியே எவ்வளவு நேரம், இன்று உடம்பு எப்படி. நோய் கிளம்பினால் நேற்றைய பக்கத்தைப் பார்க்காமல், மூன்று வாரம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு மாதத்தில் அவளுக்கே அவளுடைய கணக்கு பிடிபட்டது. அவளைக் கெடுத்தது திருவிழா மாதிரிப் பெரிய வெயில் மட்டும் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டது பத்து நிமிஷம், ஸ்கூல் வேனுக்காக நின்றது பதினைந்து நிமிஷம், ஸ்கூட்டியில் மார்க்கெட் போய்வந்தது இருபது நிமிஷம். இதையெல்லாம் நாம் வெயில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூக்குத் தண்டின் மேலாக இரண்டு கன்னத்திலும் படர்ந்து, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். கூடவே சிவப்பு என்றும் எழுதியிருப்பார்கள். வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு பல சமயம் தெரிவதில்லை. பழுப்பாகவோ, ஊதா கலந்த கறுப்பாகவோ தெரியலாம். அதனால் மங்கு என்று நினைத்துக் கடையில் க்ரீம் வாங்கித் தடவுகிறவர்கள் உண்டு. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் மடிப்பை லூபஸ் தடிப்பு பெரும்பாலும் விட்டுவிடும். இது டாக்டர்கள் கவனிக்கும் ஒரு குறிப்பு. கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது என்று ஏதாவது இருந்தால் க்ரீமை வைத்துவிட்டு டாக்டரிடம் போவது நல்லது.

எப்போது, எவ்வளவு

கடிகாரம் பார்ப்பதைவிட நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால், புற ஊதாக் கதிர் பலமாக இறங்குகிறது என்று அர்த்தம். மதுரையில் ஏப்ரல் கடைசியில் காலை ஒன்பதேகால் வாக்கிலேயே நிழல் குட்டையாகிவிடுகிறது. மறுபடி நீள்வது மாலை மூன்றேகாலுக்கு மேல்தான். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் மதுரைக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதும் அந்த முதல் உச்சியை ஒட்டித்தான். அவள் மணலில் நின்றது வருஷத்திலேயே மோசமான நாட்களில் ஒன்று. காய்ந்த மணலும் தன் பங்குக்குக் கொஞ்சம் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

அதற்காக அக்னி நட்சத்திரம் முடிந்ததும் நிம்மதி என்று இல்லை. மார்கழியில்கூடப் பத்தேகாலிலிருந்து இரண்டேகால் வரை மதுரையில் நிழல் குட்டைதான். பனிக்காலக் குளிரில் வெயில் சுகமாக வேறு இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். மெல்லிய மேகம் பெரும்பாலான கதிரை உள்ளே விட்டுவிடும். மந்தாரமாக இருக்கிறது என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

மறைப்பதில் என் வரிசை இது: முதலில் நேரம், இரண்டாவது துணியும் குடையும், மூன்றாவதுதான் சன்ஸ்கிரீன். விளம்பரங்களில் வரிசை தலைகீழாக இருக்கும். சன்ஸ்கிரீன் வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. லூபஸ் நோயாளிகளின் தோலிலேயே ஒரு பக்கம் நல்ல சன்ஸ்கிரீனும் மறு பக்கம் மருந்தில்லாத வெறும் க்ரீமும் தடவிச் சோதித்து நிரூபித்திருக்கிறார்கள். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. டியூபில் எழுதியிருக்கும் பாதுகாப்பு வேண்டுமானால், முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி எடுத்த அளவு வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. அப்படிப் போட்டால் 50 கிராம் டியூப் மூன்று வாரம் தாண்டுவதே கஷ்டம். பெரும்பாலானவர்கள் ஃபேர்னஸ் க்ரீம் மாதிரிப் பட்டாணி அளவு தொட்டு வைத்துக்கொண்டு, போட்டாயிற்று என்று உச்சி வெயிலில் இறங்குகிறார்கள். வாங்கும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், 50 என்றால் இன்னும் நல்லது. ஆனால் அந்த எண் முக்கியமாக பி வகைக்கான கணக்கு. ஏ வகைக்கு பிஏ என்று போட்டுப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு இருக்கட்டும்.

துணிக்கு ஒரு சோதனை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கு நடுவே வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் புற ஊதாக் கதிரும் அந்த வழியாக வரும். வெயிலுக்கு இதம் என்று நாம் போடும் மெல்லிய வெள்ளைக் காட்டன் இதில் தோற்றுவிடும், வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி ஜெயிக்கும். புழுங்கும்தான், என்ன செய்வது. தாத்தா காலத்துக் கறுப்புக் குடை மோசமே இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு உறுத்தல். "பத்து முதல் நான்கு வரை வெளியே போகாதீர்கள்" என்பது ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சொல்லும் அறிவுரை. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும், பூ விற்கிறவருக்கும், சித்தாள் வேலை பார்க்கிறவருக்கும் அந்த நேரம்தான் சோறு. அவர்கள் டாக்டரிடம் தன் வேலை என்ன என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், டாக்டரும் கேட்க வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, முடிந்தால் நிழலில் இருக்கும் வேலைக்கு மாற்றிக் கேட்பது என்று அவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் டியூபை எழுதிக் கொடுப்பது வழி ஆகாது.

மாத்திரையும் வைட்டமினும்

லூபஸ்காரர்கள் அநேகமாக எல்லோரும் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் உண்மையில் மலேரியா மருந்துக் குடும்பம். இரண்டாம் உலகப் போரில் மலேரியா வராமல் இருக்க அந்த வகை மாத்திரை சாப்பிட்ட சிப்பாய்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டு வலியும் குறைந்ததைக் கவனித்தார்கள். 1951-ல் லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில் லூபஸுக்கு அதே குடும்பத்து மெபாக்ரின் பலன் தந்தது பற்றிய கட்டுரை வந்தது. 2020-ல் கொரோனாவுக்கு இது கேட்கும் என்று வதந்தி மாதிரிப் பரவி, கடைகளில் மாத்திரை காணாமல்போய் லூபஸ்காரர்கள் தவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்த மருந்து தோலில் நன்றாகச் சேர்ந்து, வெயிலின் விளைவை ஓரளவு தணிக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கு ஆகும். "ஒண்ணும் தெரியலியே" என்று பாதியில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. விழித்திரையைப் பாதிக்க வாய்ப்பு இருப்பதால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனையும் வேண்டும். வேறு நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். கிருமித் தொற்றுக்குத் தரும் டாக்சிசைக்ளின், பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரிச் சில மருந்துகள் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

"வெயிலே படாவிட்டால் வைட்டமின் டி?" நியாயமான கேள்வி. லூபஸ் உள்ளவர்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம், அதோடு லூபஸை அடக்கத் தரும் ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பும் தேயலாம். இதற்குச் சொந்தக்காரர்கள் சொல்லும் வழி, காலை இளவெயிலில் நில் என்பது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வைட்டமின் டியைத் தயாரிப்பது பி வகைக் கதிர். இளவெயிலில் அது மிகக் குறைவு, ஏ வகைதான் அதிகம். அதாவது விடிந்ததும் போய் நின்றால் வைட்டமினும் பெரிதாகக் கிடைக்காது. வைட்டமின் வேண்டும் என்று உச்சி வெயிலில் நின்றால் லூபஸ் கிளம்பும். ரத்தத்தில் அளவு பார்த்து, டாக்டர் சொல்லும் கணக்கில் மாத்திரையோ பவுடரோ சாப்பிடுவது சுலபம்.

இன்னொன்று, வெயில் எல்லா நாள்பட்ட நோய்க்கும் எதிரி இல்லை. தோல் செதில் செதிலாக உரியும் சோரியாசிஸ் உள்ள பலருக்கு வெயில் பட்டால் குறையும். அதே புற ஊதாக் கதிரை அளந்து கொடுப்பதே அதற்கு ஒரு சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரர் தனக்குப் பலித்ததை உங்களிடம் சொன்னால், அவருக்கு என்ன நோய் என்று முதலில் கேளுங்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் லூபஸ் சில சமயம் தானாகவே கிளம்பும். அப்போது "குடை பிடிச்சியா, பிடிச்சியா" என்று நோயாளியைக் குடைய வேண்டாம். காலில் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி இருந்தால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

போன சித்திரையில் அவள் மறுபடி வைகைக்குப் போனாள். இருட்டோடு போய், அழகரைப் பார்த்துவிட்டு, கூட்டம் கலையும் முன் சந்து வழியாக ஏழேமுக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "வெளியே ஒன்றரை மணி நேரம் வெளிச்சத்தில். குடை, முழுக்கை. சாமி நல்லாத் தெரிஞ்சது." மூன்று வாரம் தாண்டிப் புரட்டிப் பார்த்தோம். முட்டி வலி ஒரு நாள், அதுவும் மாடிப்படி ஏறியதால் என்று அவளே எழுதி வைத்திருந்தாள்.